சேவாகிராமம் செல்லும் வழியில்

நாகபுரிக்குப் புதிதாகக் குடிவரும் நம் தமிழ்க் குடும்பத்தினர் முதலில் கற்றுக்கொள்வது, மே மாத நண்பகலில் தெருவில் இறங்கலாகாது என்பதே. வெப்பம் 45 பாகையைத் தொடும் ஊர் இது. அத்தகைய ஒரு நாளில், எழுபத்து நான்கு வயது நிரம்பிய என் தாயாரை அழைத்துக்கொண்டு சேவாகிராமம் செல்ல நேர்ந்தது. தஞ்சை ஜில்லாவிலிருந்து பத்தே நாள் தங்க வந்தவர். காந்தியடிகள் வாழ்ந்த குடிலைக் காணாமல் ஊர் திரும்புவதில்லை என்று உறுதியாக இருந்தார். இரத்த அழுத்தம் உடையவராதலால், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுமாறு வைத்தியர் எச்சரித்திருந்தார்.

ரயில்வே குமாஸ்தா ரயிலில் செல்லாமல் மோட்டாரில் செல்வானேன் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். முன்னாளில் வர்தா கிழக்கு என வழங்கிய சேவாகிராம நிலையத்தின் வழியாகத்தான் சென்னை செல்லும் வண்டிகள் பல போகின்றன. ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நிலையத்து மேம்பாலப் படிகள் இமயமலைக்கு ஒப்பானவை. ஆகவே என் மைத்துனரிடமிருந்து வந்த பழைய மோட்டார் வண்டியே துணையாயிற்று.

வழி சுமார் 75 கிலோமீட்டர். பூட்டிபோரியின் ஆலைகளைக் கடந்து, வர்தா சாலையில் சிறிது தூரம் சென்றதும், குளிர்ந்து வந்த காற்று வெந்நீர்ப் பானையின் ஆவி போல மாறிற்று. அதற்கு முந்திய இரண்டு மாதங்களில் நகரத்துப் பட்டறை ஒன்றில் இரண்டு முறை 'கேஸ்' நிரப்பியிருந்தார்கள். கசிவு எங்கே என்று எவரும் பார்க்கவில்லை; பணம் மட்டும் இரண்டு முறையும் தவறாமல் பெற்றுக்கொண்டார்கள். தாயாரின் முகம் சிவந்துவிட்டது. திரும்புவதா, மேலே செல்வதா என்று நான் தயங்கிய வேளையில், சேலு ஊருக்கு முன்னே வேப்பமர நிழலில் ஒரு பட்டறை தென்பட்டது.

பட்டறைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மராட்டியர். வண்டியைப் பார்ப்பதற்கு முன் தாயாரைப் பார்த்து, "ஆயி, உள்ளே வாருங்கள்" என்று தம் மொழியில் அழைத்தார். மராட்டியில் 'ஆயி' என்றால் தாய். எங்கள் ஊர்ப் பக்கத்திலும் அச்சொல் உண்டு. தாயாருக்குப் பாதி உயிர் அப்போதே திரும்பிவிட்டது. பட்டறைக்காரரின் மனைவி ஈரத் துணியும் மோரும் கொண்டுவந்தார்.

அவர் வேலை செய்த முறையை விரிவாகச் சொல்லுதல் நம்மவர்க்குப் பயன்படும். அளவுமானி இரண்டையும் பொருத்தினார். இரு பக்கமும் அழுத்தம் குறைந்திருந்தது. வாயு குறைந்தால் ஒரு விசை மின்சாரத்தைத் துண்டித்துக் கம்ப்ரசரை ஓடவிடாது. ஆகவே கம்ப்ரசர் பழுதன்று என்றார். வாயு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதனோடு சிறிது எண்ணெயும் சுற்றிவருவதால், கசியும் இடத்தில் எண்ணெய் படிந்து புழுதி ஒட்டிக்கொள்ளும். முன்புறத்துக் கண்டென்சரின் குழாய் இணைப்பில் அத்தகைய கரிய பிசுக்கு இருந்தது. ஐயமறத் தெரிந்துகொள்ள, எஞ்சிய வாயுவை ஓர் உருளையில் வாங்கிக்கொண்டு, நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றிச் சோப்பு நுரை தடவினார். இணைப்பில் குமிழிகள் பொங்கின. குற்றவாளி, சில ரூபாயே பெறும் ஒரு ரப்பர் வளையம்!

புது வளையத்திற்குக் கம்ப்ரசர் எண்ணெய் பூசிப் பொருத்தி, மீண்டும் நைட்ரஜன் ஏற்றிப் பார்த்தார். பிறகு பம்பினால் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்க முக்கால் மணி நேரம். அவசரப்படுத்தினேன், அவர் அசையவில்லை. முள் அசையாமல் நிற்பதைக் கண்ட பின்னரே, பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் கண்டபடி 450 கிராம் வாயுவைத் தராசில் நிறுத்து ஏற்றினார். இப்படித் தேடாமல் மேலும் மேலும் நிரப்புவது பணநஷ்டம் மட்டுமன்று; வெளியேறும் அவ்வாயு, கரியமில வாயுவைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கவல்லது.

வண்டியின் அடியில் நீர் சொட்டுவதைக் கண்டு கசிவென்று பதறுவோர் நம் சங்கத்திலும் உளர். அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிவதே, மழைக்காலத்தில் மிகும். நீர் உள்ளே, காலடி விரிப்பில் தேங்கினால் மட்டும் வடிகுழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

சேவாகிராமம் சேரும்போது மணி மூன்று. 1936-இல் காந்தியடிகள் குடியேறிய அவ்வூரில் பாபு குடில், மண்சுவரும் மூங்கிலும் ஓடுமாக நிற்கிறது. வைசிராய் லின்லித்கோ காலத்தில் அமைத்த தொலைபேசியையும், பாம்பைக் கொல்லாமல் பிடித்துவைக்கும் கூண்டையும் காட்டினார்கள். தாயார் சுவரைத் தொட்டுப் பார்த்து, "இங்கே மிஷின் எதுவும் இல்லாமலே குளிர்கிறதே" என்றார். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, வர்தாவின் மகன்வாடியில் தங்கி அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியதைச் சொன்னேன். "நம்மூர்க்காரரா!" என்று வியந்தார்.

திரும்பும் வழியில் பட்டறையில் நின்றோம். அவர் இணைப்பில் மறுபடியும் நுரை தடவினார், குமிழி இல்லை. கூலி ஏற்கெனவே தந்தாயிற்று. அதிகம் கொடுத்தால் வாங்க மறுத்தார். தாயார், வழியில் உண்ண வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாயில் பாதியை அந்த அம்மாளின் கிண்ணத்தில் எடுத்து வைத்தார். அது இன்னதென்று விளக்க இருவருக்கும் பொதுமொழி இல்லை. ஒரு துண்டை வாயிலிட்டு, முகம் சுளித்து, பிறகு இருவருமே சிரித்துவிட்டார்கள்.