மண்டல் ஆண்டில் பிங்க் ஃப்ளாய்ட்

1990 ஜூலை 21 அன்று பெர்லினில், சுவர் இருந்த இடத்திலேயே மேடை போட்டு, ரோஜர் வாட்டர்ஸ் பிங்க் ஃப்ளாய்டின் ‘தி வால்’ தொகுப்பைப் பாடினார். பாடப் பாட மேடையில் ஒரு சுவர் எழும்பும்; கடைசியில் இடிந்து விழும். பதினேழு நாள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, தில்லி நாடாளுமன்றத்தில் பிரதமர் வி.பி. சிங் எழுந்து, மண்டல் கமிஷன் பரிந்துரைப்படி மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் என்று அறிவித்தார். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் மந்திர் மார்க் குவார்ட்டர்ஸ் பையன்களான எங்களுக்கு அந்த வருஷம் இரண்டும் பிரிக்க முடியாதபடி சிக்கிக்கொண்டன.

நாங்கள் நாலைந்து பேர். ஒருவனிடம் கிட்டார், இன்னொருவனிடம் மாமா வாங்கிக் கொடுத்த டிரம் செட். எனக்கு வாத்தியம் வராது; பாட்டு வரிகளைப் பிடிப்பது என் வேலை. பாலிகா பஜாரில் வெற்று டிடிகே கேசட்டையும் பட்டியலையும் கொடுத்தால் பதிவு செய்து தருவார்கள். பிரதிக்குப் பிரதி எடுத்த அந்த இரைச்சலுக்குள் ஜிம் மாரிசன் என்னதான் சொல்கிறான் என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவேன். ரேடியோவில் யுவவாணியின் ஆங்கிலப் பாட்டு நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. 1988 செப்டம்பர் 30 அன்று ஆம்னஸ்டியின் மனித உரிமைக் கச்சேரி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு வந்தபோது ஸ்பிரிங்ஸ்டீனையும் ஸ்டிங்கையும் எறும்பு அளவில் பார்த்தோம். டிரேசி சாப்மன் பாடியபோது, ராக் என்றால் இல்லாதவன் பக்கம் நிற்பது என்றே எனக்குத் தோன்றியது. இன்றும் எனக்கு அந்த நினைப்பு முழுசாகப் போய்விடவில்லை.

1990 செப்டம்பர் 19 அன்று தேசபந்து கல்லூரி மாணவர் ராஜீவ் கோஸ்வாமி இட ஒதுக்கீட்டை எதிர்த்துத் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தில்லி தில்லியாக இல்லை. பஸ்கள் எரிந்தன, எய்ம்ஸ் சந்திப்பில் மாணவர்கள் மறியல், சில பகுதிகளில் ஊரடங்கு. கோல் மார்க்கெட் பக்கம் பால் பூத்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, குனிந்து நிற்பவர்களுக்குக் கீழ்வழியாகப் பாக்கெட் நீட்டுவார். மொட்டைமாடியில் ஏறினால் எந்தத் திசையில் புகை என்று பார்க்கலாம்.

எங்கள் செட்டும் தர்ணாவுக்குப் போனது. அங்கே பாடிய பாட்டு, வேறென்ன, ‘தி வால்’ தொகுப்பில் வரும் அந்தப் பள்ளிக்கூடப் பாட்டு. வரிகளை எழுதிக் கொடுத்தவன் நான் என்பதால் எனக்கு அது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. 1980இல் தென்னாப்பிரிக்காவில் இதே பாட்டைத்தான் வெள்ளையரல்லாத மாணவர்கள், தங்களுக்கென்று ஒதுக்கிய மட்டமான கல்வியை எதிர்த்துப் பாடினார்கள். அரசாங்கம் பாட்டையே தடை செய்தது. பத்து வருஷம் கழித்து தில்லியில், பிற்பட்டவன் உள்ளே வரக் கூடாது என்பதற்கு அதே மெட்டு, அதே கைதட்டல். கோபத்துக்குத் தாளம் போட்டுக் கொடுப்பதில் ராக்கை மிஞ்ச ஆளில்லை. யார்மேல் கோபம் என்று மட்டும் அது கேட்காது.

மந்திர் மார்க்கைத் தெரிந்தவர்களுக்கு இனிச் சொல்லப்போவதன் விசித்திரம் புரியும். ரீடிங் ரோடு என்ற பழைய பெயர் போய்விட்டது. பிர்லா கோயில், காளி பாரி, நான் படித்த தமிழ்ப் பள்ளி, வால்மீகி கோயிலும் அதைச் சுற்றிய துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பும் எல்லாம் அந்த ஒரே சாலையில். எல்லாச் சாதியாரையும் உள்ளே விடுவதானால்தான் வருவேன் என்று சொல்லி, 1939இல் பிர்லா கோயிலைத் திறந்துவைத்தார் காந்தி. 1946-47இல் அவர் தங்கியிருந்தது வால்மீகி கோயிலை ஒட்டிய அறையில்.

அந்தச் சாலையில்தான் ஒரு காலை, கல்லூரிப் பையன்கள் தெரு பெருக்கினார்கள். படித்தவனுக்கு இனி இந்த வேலைதான் என்று காட்டுகிறார்களாம். ஷூ பாலிஷ் போடுவது, சாலை பெருக்குவது எல்லாம் அப்போது ஊர் முழுக்க நடந்த போராட்ட வேடிக்கைகள். ஒருவன் கறுப்பு பனியனில் பிங்க் ஃப்ளாய்டின் முக்கோணம். கையில் மூங்கில் கழி வைத்த நீளத் துடைப்பம். நடைபாதையில் ஒரு பெண் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு காத்திருந்தார். என்ன ஆன்ட்டி என்றேன். “அந்த ஜாடு என்னுது பேட்டா. குடுத்தாங்கன்னா என் பீட்டை முடிச்சுட்டுப் போவேன். இல்லேன்னா ஹாஜரி போயிடும்.” போட்டோ எடுத்து முடிந்ததும் பையன்கள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு கனாட் பிளேஸ் பக்கம் கிளம்பினார்கள். அவர் எடுத்து, முதலில் அவர்கள் இறைத்துவிட்டுப் போன துண்டுப் பிரசுரங்களைக் கூட்டித் தள்ளினார்.

எங்கள் கிட்டார்க்காரனிடம் அன்று சாயங்காலமே சொன்னேன்: நாங்களும் பிற்பட்ட சாதிதான், காஞ்சிபுரத்தில் தறி நெய்த குடும்பம். மதராசி, அப்பா செக்ரடேரியட்டில் வேலை, ஆகவே பிராமணன் என்று அவனே கணக்குப் போட்டு வைத்திருந்தான். சற்று யோசித்துவிட்டு, “நீ அப்படி இல்லையே யார்!” என்றான். பாராட்டாகத்தான் சொன்னான்.

அப்பாவுக்கு ராக் பிடிக்காது. அவருக்கு சீர்காழி போதும். ஊரில் பிற்பட்டோர் இடத்தில் கல்லூரி சேர்ந்து, தறியை விட்டு முதலில் பேனா பிடித்தவர். எம்.ஜி.ஆர். 1980இலேயே பிற்பட்டோர் பங்கை 31இலிருந்து 50 ஆக்கிய கதையை யாரிடமும் சொல்வார். “நம்ம ஊர்ல நாப்பது வருஷமா நடக்குதுடா. எந்த ஆஸ்பத்திரி மூடிப்போச்சு? எந்தப் பாலம் இடிஞ்சுது?” என்பார். 1990 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வி.பி. சிங்கின் அறிவிப்புக்குத் தடை விதித்தது. நவம்பரில் ஆட்சியே கவிழ்ந்தது. 1992 நவம்பர் 16இல் அதே நீதிமன்றம் 27 விழுக்காடு செல்லும் என்றது.

தகுதி, தகுதி என்று அந்த மாதங்களில் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதுவும் லெட் செப்பலின் ரசிகர்கள் வாயிலிருந்து! அந்தக் குழுவின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் தன் சரக்கு இருக்கிறது என்று கறுப்பினப் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டு, 1987இல் சமரசம் ஆன பிறகுதான் அவருக்கு அதில் பங்கு கிடைத்தது. ராக்கின் வரவுசெலவில் இப்படிக் கடன் நிறைய. அதற்காக அந்தப் பாட்டு எனக்குக் கசந்துவிடவில்லை. இன்றும் காரில் அதுதான் ஓடுகிறது.

நியாயமாகச் சொன்னால், தில்லி ராக் எல்லாம் அந்த தர்ணா அல்ல. அதே 1990இல்தான் சுஸ்மித் சென்னும் அசீம் சக்ரவர்த்தியும் இந்தியன் ஓஷன் குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் சேர்ந்த ராகுல் ராம் நர்மதைப் போராட்டத்தில் வேலை செய்தவர். அந்தப் பள்ளத்தாக்கின் பாட்டு பிறகு அவர்கள் மேடையில் ஏறியது.

நான் காத்திருந்த பாட்டு சென்னையிலிருந்து வந்தது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்த்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியது: கானா, பறை, சட்டி, பக்கத்தில் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும். இட ஒதுக்கீட்டைப் பற்றியே அவர்களிடம் ஒரு பாட்டு இருக்கிறது, பெயரே ‘கோட்டா’. பழைய கிட்டார்க்காரன் இப்போது நியூஜெர்சியில். அவனுக்கு அனுப்பினேன். தமிழ் தெரியாது, குழு பிரமாதம், யார் இவர்கள் என்று கேட்டான். அர்த்தத்தை எழுதி அனுப்பியதும் சண்டை ஆரம்பித்தது. இன்னும் ஓயவில்லை, போன வாரம்கூட “ஆனால் தகுதி என்று ஒன்று...” என்று மெசேஜ் போட்டிருந்தான்.