பாடநூலும் படச்சுருளும்

இருபதாம் நூற்றாண்டின் உலக வரலாற்றை நான் முறையாகக் கற்றது, உத்தியோகத்திற் சேர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரேயாகும். வார இறுதிகளில் நடைபெற்ற பாடநெறி அது. காலையில் விரிவுரை, பிற்பகலில் அதனோடு தொடர்புடைய திரைப்படம், பின்னர் இரண்டையும் ஒப்புநோக்கி எழுதவேண்டிய ஒப்படை. "படம் பார்ப்பதும் ஒரு படிப்பா?" என்று நண்பர் சிலர் நகைத்தனர். உண்மையில் அது நகைத்துத் தள்ளிவிடக்கூடிய வினாவன்று.

முதலாம் உலகப்போர் பற்றிய விரிவுரையில் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டேன். 1916 யூலை 1ஆம் திகதி, பிரான்சின் சொம் போர்முனையில், ஒரே நாளிற் பிரித்தானியப் படையினர் 19,240 பேர் மாண்டனர். காயமுற்றோரையும் காணாமற் போனோரையும் சேர்த்தால் இழப்பு 57,470. பரீட்சைக்கு உதவும் எண் என்பதற்கு மேல் அது எனக்கு ஒன்றும் உணர்த்தவில்லை.

அன்று பிற்பகல் லூயிஸ் மைல்ஸ்ரன் 1930இல் இயக்கிய 'மேற்கு முனையில் எல்லாம் அமைதி' என்ற படத்தைக் கண்டோம். அது எதிர்த்தரப்பான யேர்மானிய இளைஞரின் கதை. தாய்நாட்டின் பெயரால் ஆசிரியர் ஒருவர் முழங்குகிறார். வகுப்பறையே எழுந்து படையிற் சேரப் புறப்படுகிறது. அவர்களுள் ஒருவன் மாள்கிறான். அவனுடைய நல்ல சப்பாத்துகள் நண்பனுக்குச் சேர்கின்றன. அந்த நண்பனும் மாள்கிறான். சப்பாத்துகள் வேறொருவன் காலுக்குப் போகின்றன. 57,470 என்பதன் பொருள் அந்தச் சப்பாத்துகளைக் கண்டபோதே எனக்கு விளங்கிற்று. அதே ஆண்டு டிசெம்பரிற் பேர்லின் நகரில் அப்படம் திரையிடப்பட்டபோது, கொயபெல்சின் தலைமையில் நாசிகள் அரங்கினுள்ளே நாற்றக் குண்டுகளை வீசியும் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டும் கலகம் செய்தனர். சில நாட்களிற் படம் தடைசெய்யப்பட்டது. அடுத்த போருக்கு இளைஞரைத் திரட்ட எண்ணியவர்கள் அந்தச் சப்பாத்துகளுக்கு அஞ்சினார்கள்.

ஆயினும் திரையின் இவ்வாற்றலே அதன் ஆபத்துமாகும். 1905ஆம் ஆண்டு பொத்தெம்கின் போர்க்கப்பலின் மாலுமிகள் புழுத்த இறைச்சியை உண்ண மறுத்துக் கிளர்ந்தெழுந்தது உண்மை. ஒடெசா நகரில் ஜார் மன்னனின் படைகள் மக்களைச் சுட்டுக் கொன்றதும் உண்மை. ஆனால் 1925இல் ஐசன்ஸ்டைன் காட்டிய அந்தப் படிக்கட்டுப் படுகொலை, அணிவகுத்து இறங்கும் சிப்பாய்கள், உருண்டோடும் குழந்தை வண்டி ஆகியவை கலைஞனின் படைப்பு. இன்று ஒடெசாவை நினைப்போர் நினைப்பது அப்படிக்கட்டையே. படைப்பு, நிகழ்ச்சியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதனை வகுப்பிற் கூறியபோது சக மாணவர் ஒருவர் வருந்தினார். "உழைக்கும் மக்களின் பக்கம் நின்ற கலைஞனையும் குறுக்கு விசாரணை செய்யவேண்டுமா?" என்று கேட்டார். வேண்டும் என்பதே என் கருத்து. 1934இல் நூரம்பேர்க்கில் நடந்த நாசிக் கட்சி மாநாட்டை லெனி ரீபென்ஸ்டால் படமாக்கினார். கமராவும் படத்தொகுப்பும் அங்கே ஹிட்லரைத் தேவனாக்கின. மனத்தை ஆட்கொள்ளும் திறன் எவர் கையிலும் சேரும். எதிரியின் படத்தை ஐயுற்று நம்மவர் படத்தை அப்படியே நம்புகிறவன், வரலாறு கற்பவனல்லன். தான் விரும்பியதைத் தேடுபவன்.

இவை இரண்டினும் பெரிய குறையொன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்கு எங்கள் பாடத்திட்டத்தில் ஸ்டாலின்கிராட் இருந்தது, நோர்மண்டி இருந்தது, ஹிரோஷிமா இருந்தது. 1943ஆம் ஆண்டு வங்காளம் இல்லை. சத்யஜித் ராயின் 'அசனி சங்கேத்' படத்தைப் பற்றி ஒப்படை எழுத அனுமதி கேட்டேன். "அது பஞ்சமல்லவா, போர் அல்லவே" என்றார் விரிவுரையாளர். பின்னர் இசைந்தார்.

போரின்றி அப்பஞ்சம் ஏது? 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரியின் கையில் அகப்படலாகாது என்று கரையோர வங்காளத்தின் படகுகளை அரசு அகற்றியது. மீனவரும் பயிர்செய்வோரும் தொழிலிழந்தனர். ஒக்ரோபரில் மேதினிப்பூரைப் புயல் தாக்கியது. போர்ச்செலவு விலைவாசியை ஏற்றியது, வணிகர் பதுக்கினர், தானியம் ஏற்றிவரக் கேட்ட அளவு கப்பல்களை இலண்டன் ஒதுக்கவில்லை. 1945இல் அரசின் விசாரணைக் குழு, இறந்தோர் 15 இலட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர் பலர் 30 இலட்சம் வரை கணிக்கின்றனர். அவ்விரு எண்களுக்கும் இடையிற் காணாமற் போனவர்களின் பெயர்கள் எந்த நினைவுக் கல்லிலும் இல்லை.

1973இல் வெளிவந்த ராயின் படத்திற் போர்க்களமே இல்லை. வயல்கள் பசுமையாக இருக்கின்றன. தலைக்கு மேற் பறக்கும் விமானங்களைக் கிராமத்துப் பெண்கள் வியந்து நோக்குகின்றனர். அரிசி மட்டும் மெல்ல மெல்ல மறைகிறது. ஒருத்தி ஒருபிடி அரிசிக்காகத் தன்னை விற்கிறாள். முதலில் மடிபவள் தீண்டப்படாதவள் என ஒதுக்கப்பட்ட மோதி. சாதி ஆசாரத்தில் வளர்ந்த பிராமணன் கங்காசரண், அவளுடைய கையைத் தொட்டு நாடி பார்க்கிறான். பசி யாரை முதலிற் கொல்கிறது என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு இத்துணைத் தெளிவாகச் சொன்னதில்லை.

அப்படத்தைக் கண்டபின்னரே அம்மம்மா சொல்லிவந்த கதைகளுக்கு எனக்கு இடமும் காலமும் கிடைத்தன. இலங்கையும் பர்மா அரிசியையே பெரிதும் நம்பியிருந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானியரின் குண்டுகள் விழுந்தன. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. குரக்கனும் மரவள்ளியும் ஒடியற்கூழும் உண்டு வளர்ந்த கதையை அம்மம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். "சண்டை எங்கையோ நடந்தது மோனை, பானைதான் இஞ்சை வெறுமையாக் கிடந்தது" என்பார். வங்காளத்தின் கொடுமை நம்மை அதே அளவில் அணுகவில்லை. எனினும் இரு நாட்டு அடுப்புகளையும் தொட்டது ஒரே போர். உலக வரலாறு என்பது பிறருடைய வரலாறு என்ற எண்ணம் அன்றே என்னை விட்டகன்றது.

அம்மம்மா இன்று இல்லை. அந்நாட்களைக் கண்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். நம் ஊர்களில் வாசிகசாலைகள் இருக்கின்றன. படம் காட்டும் வசதி இன்று அரியதன்று. மாதமொரு வரலாற்றுப் படத்தை இளைஞருக்குக் காட்டலாம். அருகே அக்காலம் பற்றிய நூல்களை வைக்கலாம். அக்காலத்தை வாழ்ந்து கடந்த முதியவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லலாம். படம் நூலைத் திருத்தட்டும். நூல் படத்தைத் திருத்தட்டும். இரண்டும் விட்டதை முதியவர் சொல்லட்டும். ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் இவ்வேலையை அடுத்த ஞாயிறே தொடங்கலாம். காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆள் இராது.