பாப்பா ஏன் அழுதாள்?

"குழந்தை வளர்ப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் பத்திரிகையில் எழுதுகிறாயே, உன் குழந்தைக்கு இப்படியா?" என்று என் மாமியார் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. பாப்பாவின் தொடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வெந்நீர் வைக்கிறேன்" என்று உள்ளே போய்விட்டார். அந்த மௌனத்தின் கனம் உங்களுக்குத் தெரியாததா, என்ன?

நடந்தது இதுதான். 2023 மே மாதம், நாத்தனார் கல்யாணத்துக்காக எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். பாப்பாவுக்கு அப்போது ஒன்பது மாதம். காது வலிக்கு ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்ததில் நாலு நாளாக வயிறு இளகியிருந்தது. ரயிலில் டயாப்பர் கட்டிப் படுக்க வைத்தேன். அதிசயமாகத் தூங்கினாள். தூங்குகிற குழந்தையை எழுப்பும் தைரியம் எந்தத் தாய்க்கு உண்டு, சொல்லுங்கள்? மதுரையில் இறங்கி, வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் பார்த்தால், இரவில் எப்போது மலம் போனாளோ, தொடை இடுக்கெல்லாம் வெந்து, பழுத்த மிளகாய் போலச் சிவந்திருந்தது. தண்ணீர் பட்டதும் வீரிட்டாள்.

பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன். அழுத்தித் துடைத்தேன். பவுடரைக் கொட்டினேன். அது ஈரத்தில் களி போலக் குழைந்து மடிப்புகளில் ஒட்டிக் கொண்டது. பவுடர் தூள் குழந்தையின் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல் என்று நானே ஒரு தடவை எழுதியிருக்கிறேன்! மூன்றாம் நாள் மடிப்புகளுக்குள் இரத்தச் சிவப்பு. சுற்றிலும் கடுகைச் சிதற விட்டாற்போல் சின்னச் சின்னப் பொரிகள். என் கணவர் தமது படைக்குப் போடும் ட்யூபை எடுத்து நீட்டினார். நல்ல வேளை, "முதலில் டாக்டர்" என்று மாமியார் சொல்லிவிட்டார்.

டாக்டர் அம்மாள் அந்த ட்யூபை வாங்கி மேஜை மூலையில் வைத்தார். "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதம்மா. குழந்தையின் தோல் மெல்லிசு. டயாப்பரால் மூடினால் மருந்து இன்னும் அதிகமாக உடம்புக்குள் இறங்கும்" என்றார். பொரிகள் காளான் இனத்துக் கிருமியின் வேலையாம். ஈரமும் சூடும் அதற்கு விருந்துச் சாப்பாடு. காவலுக்கு இருந்த நல்ல கிருமிகளையும் ஆன்டிபயாடிக் கொன்றுவிட்டதால் கதவும் திறந்திருந்தது. அதற்கென்று தனிக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"அப்படியானால் டயாப்பர்தான் விரோதியா, டாக்டர்?" என்று கேட்டேன்.

இல்லையாம். சிறுநீரை உறிஞ்சுவதில் அது துணியைவிடக் கெட்டிக்காரன். ஆனால் மலத்தை என்ன செய்யும்? இரண்டும் கலந்தால் அமோனியா உண்டாகிறது. அதனால் மலத்திலுள்ள ஜீரண ரசங்களுக்கு வீரியம் ஏறி, ஈரத்தில் ஊறிய தோலையே ஜீரணிக்கப் பார்க்கின்றன. வயிறு இளகியிருந்தால் அந்த ரசங்கள் இன்னும் அதிகம். பாட்டி காலத்துப் பழைய நூல் புடவைத் துண்டு நனைந்ததும் வீட்டுக்கே சொல்லிவிடும்; டயாப்பரோ ரகசியத்தைக் காப்பாற்றும்!

ஆகவே இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் நாமே பார்க்க வேண்டும். மலம் போனால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஒற்றியெடுத்து, உலர விட்டு, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு பூச வேண்டும். மை தீட்டுவது போல் மெல்லிசாக அல்ல, ஊத்தப்பம் போல் தடிப்பாக! அடுத்த தடவை அதை முழுவதும் சுரண்ட வேண்டாம். அழுக்கான மேல் பூச்சை மட்டும் எடுத்தால் போதும். இது எனக்குப் புதுசு. தெரியாமலிருந்தால், தேய்த்துத் தேய்த்துத் தோலையே உரித்திருப்பேன். சாதாரணச் சிவப்பு இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். வாடாவிட்டாலும், கொப்புளமோ சீழோ ஜுரமோ கண்டாலும் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

"எல்லாவற்றையும்விடக் காற்றுப் பட விடுங்கள்" என்றார் டாக்டர். கல்யாண வீட்டிலா! பட்டுப் புடவையை மடித்து வைத்துவிட்டு, மண்டபத்தின் பக்கத்து அறையில் ரப்பர் ஷீட்டின் மேல் நூல் துணியை விரித்து, பாப்பாவைப் பிறந்த மேனியாகப் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெட்டி மேளச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். மாமியார் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். இரண்டாம் தடவை, ஒன்றும் பேசாமல் ஒரு ஜாங்கிரியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "குழந்தையைக் கொடம்மா" என்று வாங்கி மடியில் வைத்துக் கொண்டார். "மாமா, அவளுக்கு ஒன்றும் கட்டவில்லை..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பட்டு வேஷ்டி நனைந்துவிட்டது. பாப்பா சிரித்தாள். மதுரைக்கு வந்த பிறகு அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.