செஞ்சியில் இரண்டு பள்ளிவாசல்கள்

தேசிங்குராசன் கதைப்பாடலை நாட்டுப்புறவியல் தாளில் நடத்தத் தொடங்கி 18 ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் செஞ்சிக் கோட்டையை நான் நேரில் கண்டதில்லை. தமிழாசிரியன் ஒருவன் இதனை எழுத நாணத்தான் வேண்டும். 2025 ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியப் படைத்தளங்கள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் தமிழகத்துக் கோட்டை செஞ்சி ஒன்றே. அச்செய்தி வந்த நாளேட்டை என் துணைவியார் என்முன் நீட்டி, "ஊருக்கெல்லாம் கதை சொல்றீங்க, வீட்டுக்காரிக்கு ஒரு தடவ காட்டக் கூடாதா?" என்றார். பார்க்கலாம் என்று சொல்லிச் சில மாதங்களைக் கடத்திவிட்டேன்.

என்னை எழுப்பியது ஒரு மாணவனின் வினா. புதன்கிழமை வகுப்பில், "ஐயா, தேசிங்கைக் கொன்ற நவாபு உங்க ஆளுங்கதானே?" என்றான். கேட்டவன் நல்ல பிள்ளை. அவன் குரலில் குத்தல் இல்லை. நானோ 1714ஆம் ஆண்டு, கப்பப் பாக்கி, ஆர்க்காட்டு அரசியல் என்று ஏதேதோ சொல்லி மணியடிக்கும்வரை ஒப்பேற்றினேன். அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் புறப்பட்டு, திண்டிவனத்தில் உறவினர் இல்லத்தில் இருவரும் தங்கினோம்.

சனிக்கிழமை கிருஷ்ணகிரி மலை. ராணிக்கோட்டை என்றும் அதனை வழங்குவர். உயரம் குறைவு, மேலே குவிமாடம் தாங்கிய கொலுமண்டபம், நாற்புறமும் காற்று. முழங்கால் வலி என்று ஆறு மாதமாக எண்ணெய் தடவிவந்த என் துணைவியார் எனக்கு முன்னே ஏறிச் சென்றார். மூச்சிரைத்து நின்றவன் நான்தான். குரங்குகள் எங்கள் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போயின.

ஞாயிறன்று பஜ்ருத் தொழுகை முடித்து, வெயில் ஏறுமுன் ராஜகிரி அடிவாரம் சேர்ந்தோம். சுமார் 800 அடி உயரம். ஒருவன்மேல் ஒருவன் ஏறி நிற்பதுபோல் கிடக்கும் பாறைகள், அவற்றினூடே வளைந்து செல்லும் படிகள், வாயிலுக்குப்பின் வாயில். உச்சியை நெருங்குகையில் மலையே பிளந்து நிற்கிறது. அப்பிளவின்மீது இன்று பாலம் இருக்கிறது. அன்று தூக்குபாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிலரே ஒரு படையைத் தடுத்துவிடலாம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான், இராசாராம் தங்கியிருந்த இக்கோட்டையை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டதன் காரணம், நூல்களில் விளங்காதது, அவ்விடத்தில் கால் நடுங்கியபோது விளங்கிற்று. நாயக்கர், பீசப்பூர் சுல்தான்கள், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கைமாறிய கோட்டை இது. யாருக்கும் நிலைக்கவில்லை.

உச்சியில் அமர்ந்து கதையைச் சொன்னேன். தேசிங்குக்கு வயது 22. கப்பம் கேட்டு நவாபு சாதத்துல்லாகான் படையுடன் வருகிறான். தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கான், பாடலில் மோவுத்துக்காரன், திருமணப் பந்தலில் இருக்கிறான். செய்தி கேட்டதும் மணக்கோலத்தோடு குதிரையேறிப் போர்க்களம் வந்து நண்பனோடு மடிகிறான். என் துணைவியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் புதுப்பொண்ணு என்னங்க ஆனா?" என்றார்.

பதினெட்டு ஆண்டுகளில் அப்பெண்ணைப் பற்றி ஒரு வினாவையும் நான் தேர்வுத்தாளில் வைத்ததில்லை. நட்பின் திறம் விளக்குக, வீரச்சுவை காட்டுக என்றே கேட்டு வந்திருக்கிறேன். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாகவே இராணிப்பேட்டை அமைந்தது என்று சொல்வதுண்டு; அதைச் சொல்லிச் சமாளித்தேன். "நான் கேட்டது இவளையில்ல" என்றார் அவர். இறங்கும்போது முழுவதும் அவரே முன்னே நடந்தார்; நான் பேசவில்லை.

கீழே கல்யாணமகாலையும், மேடும் பள்ளமுமாய்க் கிடந்த அரண்மனைத் தரையையும் கடந்து இரு பள்ளிவாசல்களைக் கண்டோம். ஒன்று, வென்ற சாதத்துல்லாகான் பெயருடையது; 1717-18இல் எழுந்தது. மற்றொன்று மகபத்கான் பெயரைத் தாங்கி, வெங்கடரமணர் கோயில் இருக்கும் கீழ்க்கோட்டைப் பகுதியில் நிற்கிறது. கொன்றவனும் கலிமாச் சொன்னவன். உடன் விழுந்தவனும் கலிமாச் சொன்னவன். புதன்கிழமை எனக்கு வாராத விடை அங்கே சுண்ணாம்பும் கல்லுமாய் நின்றது. ஒருவனை மட்டும் என் ஆள் என்று ஏற்று மற்றவனைத் தள்ளிவிட எனக்கு வழியில்லை. இரண்டாவது பள்ளியின் முன் என் துணைவியார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையேந்தினார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பந்தலில் நின்றுபோனவளுக்காக இருக்கலாம்.

திங்கட்கிழமை முதல்மணி அதே வகுப்பு. கண்டதைச் சொன்னேன், பந்தலில் நின்ற பெண்ணையும் சேர்த்தே சொன்னேன். அந்த மாணவன் எழுந்து, "ஐயா, ரெண்டுல எந்தப் பள்ளிவாசல் பெருசு?" என்றான். வகுப்பு சிரித்தது. அளந்து பார்க்கவில்லை தம்பி, அடுத்த முறை உங்களையும் அழைத்துப் போகிறேன் என்றேன். துறைத்தலைவரிடம் அதற்கான விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். என் துணைவியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.