மூலமும் ஒட்டும்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பெருவழியில் கயத்தாறு என்னும் ஊர் உள்ளது. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரராகிய வீரபாண்டிய கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் இவ்வூரிலேதான் தூக்கிலிடப்பட்டார். நிகழ்ச்சி ஒன்றே, அதனைக் கூறும் கதைகளோ பல. நாட்டுப்புறப் பாடகர் அதனைக் கதைப்பாடலாகப் பாடினர். கூத்தர் அரங்கில் ஆடினர். 1959ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது. எவரும் தாம் கேட்டதைக் கேட்டவாறே விட்டுவிடவில்லை. வீரர்பால் கொண்ட அன்பினால் ஓரிடத்தில் கூட்டினர், ஓரிடத்தில் குறைத்தனர். அதனால் கதை அழியாமல் வாழ்ந்தது. ஆயினும், திரைப்படத்துக்கென எழுதப்பட்ட வசனத்தையே தலைவரின் வாய்மொழி என்று எண்ணுவாரும் இன்று உளர்.

அன்புடையார் கைபட்டுப் பழைய படைப்பொன்று வேற்றுருவம் பெறுவது நன்றோ, தீதோ? இவ்வினா புலவர்க்கும் வரலாற்றாசிரியர்க்கும் மட்டும் உரியதன்று. சிறுவர் ஆடி மகிழும் வீடியோ விளையாட்டிலும் இன்று இதே வினா எழுந்துள்ளது.

ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டில், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் ஃபேமிகாம் என்னும் கருவியை வெளியிட்டது. 1985இல் அக்கருவிக்கெனச் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் விளையாட்டு வந்தது. மாரியோ என்னும் மீசைக்காரன் ஓடியும் தாவியும் பகைவரை வென்று, சிறைப்பட்ட இளவரசியை மீட்பதே அதன் கதை. நிலமும் வானும், காளானும் ஆமையும், இசையும் ஓசையும் எல்லாம் ஏறத்தாழ 40,000 பைட்டு அளவிற்குள் அடங்கிவிட்டன. பைட்டு என்பது கணினி நினைவை அளக்கும் ஓர் அளவு. ஆங்கில எழுத்து ஒன்றைப் பதிந்துவைக்க ஒரு பைட்டு போதும். எனவே, ஒரு சிறு நூலுக்கு வேண்டிய இடத்திற்குள் ஓர் உலகத்தையே அடக்கிவைத்தார்கள் எனலாம்.

இவ்விளையாட்டுகளை இளமையில் ஆடியவருள் சிலர், வளர்ந்து கணினிக் கலை கற்றபின், அவற்றின் உள்ளமைப்பைத் துருவி ஆராய்ந்தனர். நம் நாட்டுச் சிறுவர் கேசட்டு என்று வழங்கிய அச்சிறு பேழைக்குள் நினைவகச் சில்லு ஒன்று உண்டு. அதில் எண்கள் வரிசை வரிசையாகப் பதிந்துள்ளன. ஓரிடத்து எண் வீரன் தாவும் உயரத்தைக் காட்டும். மற்றோரிடத்து எண் அவன் சட்டையின் நிறத்தைக் காட்டும். வேறோரிடத்து எண்கள் அவன் பேசும் சொற்களாக விரியும். எவ்விடத்து எண் எதனைக் குறிக்கும் என்று அறிந்தவன், அவ்வெண்ணை மாற்றி விளையாட்டையே மாற்றிவிடலாம். புதிய வழிகளை அமைக்கலாம், புதிய மாந்தரைப் புகுத்தலாம், கதையையே வேறாக்கலாம். இவ்வாறு செய்வோர் பெரும்பாலும் ஊதியம் கருதாதவர். அலுவல் முடிந்த பின்னர், இரவு நேரத்தில், விருப்பம் ஒன்றே துணையாக உழைப்பவர்.

அவ்வுழைப்பின் பயன் யாது என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டலாம். டாங்கி காங் என்னும் விளையாட்டு 1981இல் தோன்றியது. பெருங்குரங்கு ஒன்று பாலின் என்னும் பெண்ணைத் தூக்கிச் சென்று உயரத்தில் சிறைவைக்கின்றது; மாரியோ ஏணிகளில் ஏறி அவளை மீட்கின்றான். அமெரிக்க நாட்டில் வீடியோ விளையாட்டு அமைக்கும் தொழிலுடைய மைக் மிகா என்பவர் தம் மூன்று வயது மகளோடு இதனை ஆடினார். அப்பெண் சென்று மாரியோவை மீட்கும்படி ஆட இயலாதா என்று குழந்தை கேட்டது. இயலாது என்பதே உண்மையான விடை. ஆனால், தந்தை அவ்விடையோடு நின்றுவிடவில்லை. இரவெல்லாம் கண்விழித்து எண்களைத் திருத்தினார். சிறைப்பட்டவளை மீட்பவளாகவும், மீட்பவனைச் சிறைப்பட்டவனாகவும் மாற்றியமைத்தார். இது நிகழ்ந்தது 2013ஆம் ஆண்டில்.

அதற்கு முந்தைய ஆண்டு, கனடா நாட்டில் மைக் ஹாய் என்பவர் இதனினும் நுட்பமான பணியொன்றைச் செய்தார். செல்டா வரிசையில் வந்த விண்ட் வேக்கர் என்னும் விளையாட்டின் தலைவன் ஒரு சிறுவன். ஹாய் தம் மகளுக்கு அக்கதையைப் படித்துக் காட்டும்போது, ‘அவன்’ என வரும் இடங்களை ‘அவள்’ என மாற்றிச் சொல்லிவந்தார். பின்னர், விளையாட்டிலுள்ள சொற்களையே திருத்திவிடத் துணிந்தார். அங்கே ஓர் இடர் நேர்ந்தது. ஒரு சொல்லை எடுத்த இடத்தில் அதனினும் நீண்ட சொல்லை வைத்தால், பின்வரும் எண்கள் எல்லாம் இடம்பெயர்ந்து விளையாட்டே கெட்டுவிடும். ஆதலின், எழுத்தெண்ணிக்கை மாறாத சொற்களையே அவர் தேடவேண்டியதாயிற்று. ‘என் சிறுவனே’ என்னும் பொருளுடைய ‘மை லேட்’ என்ற தொடர், ஆங்கிலத்தில் இடைவெளியையும் சேர்த்து ஆறெழுத்து அளவினது. அவ்விடத்தில் ‘பெருமாட்டி’ எனப் பொருள்படும் ‘மிலேடி’ என்ற ஆறெழுத்துச் சொல்லை அமைத்தார். வெண்பாவில் ஒரு சீரை நீக்கிய புலவன், தளை கெடாத மற்றொரு சீரைத் தேடி வைப்பதை இது நினைவூட்டுகின்றதன்றோ? கட்டுப்பாடு இல்லாத இடத்தில் கலை இல்லை என்பது கணினிக்கும் பொருந்தும்.

மொழியின் பொருட்டும் இத்தொண்டு நடைபெறுகின்றது. மதர் 3 என்னும் விளையாட்டு 2006இல் ஜப்பானிய மொழியில் மட்டும் வெளிவந்தது. அதன் முந்தைய பகுதியை ஆங்கிலத்தில் ஆடி மகிழ்ந்தவர்கள் இதற்கும் ஆங்கில வடிவம் வரும் என்று காத்திருந்தனர், வரவில்லை. அந்நிலையில் கிளைடு மாண்டலின் என்னும் மொழிபெயர்ப்பாளரும் அவருடைய தோழர்களும் தாமே அப்பணியை மேற்கொண்டு, 2008ஆம் ஆண்டு அக்டோபரில் ஆங்கில வடிவத்தை விலையின்றி வழங்கினர். பிற மொழியார் படைத்த நல்லனவற்றைத் தம் மொழியில் கொணர விழைவார்க்கு இவர்தம் உழைப்பு ஒரு தூண்டுகோலாகும்.

இனி, இதன் மறுபுறத்தையும் காணல் வேண்டும். 1990களில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில், ஒரே பேழையில் 9,999 விளையாட்டுகள் உள்ளன என்று மேலட்டையில் அச்சிட்ட கேசட்டுகள் விற்கப்பட்டன. சிறுவர் ஆவலோடு வாங்கிச்சென்று ஆடிப்பார்த்தால், உள்ளே இருந்தவை மிகச் சிலவே. அவையே வேறு வேறு பெயர் பூண்டு, வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கி, திரும்பத் திரும்ப வந்தன. அங்கும் எண்களைத் திருத்தும் வேலைதான் நடந்தது. அத்திறமைக்குக் குறைவில்லை, நேர்மைக்கே குறைவு. மகளை மகிழ்விக்கத் திருத்தியவர் செய்ததும் மாற்றமே; வாங்குவோரை ஏய்க்கத் திருத்தியவர் செய்ததும் மாற்றமே. ஆயினும், அவ்விரண்டும் ஒன்றாகுமோ?

அன்பினால் செய்ததாயினும், மாற்றத்தை மறைத்துவைத்தால் தீங்கு விளையும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. கம்பர் பாட்டில் ஈடுபட்ட பிற்காலத்தார் சிலர் தாமும் பாடல் இயற்றி இராமாயணத்தின் இடையே செருகினர். வெள்ளியம்பலத் தம்பிரான் சேர்த்தனவாகச் சொல்லப்படும் பாடல்களுக்கு வெள்ளிபாடல் என்றே பெயர் வழங்கிற்று. அவர்கள் கம்பருக்குப் பகைவரல்லர்; பேரன்பரே. எனினும், ஏட்டில் கலந்துவிட்டவற்றைப் பிரித்தறிவதற்குப் பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பெரிதும் உழைக்க வேண்டியிருந்தது. நற்பதிப்புகளில் இன்று மிகைப்பாடல்கள் எனத் தனியே நிற்பவை அவ்வுழைப்பின் விளைவாகும்.

இக்குறை நேராதவாறு விளையாட்டைத் திருத்துவோர் ஒரு வழி கண்டுள்ளனர். அவர்கள் முழு விளையாட்டையும் படியெடுத்து வழங்குவதில்லை. தாம் செய்த மாற்றங்களை மட்டும் ஒரு சிறு கோப்பாகத் தருகின்றனர். இன்ன இடத்தில், இத்தனை பைட்டு அளவில், இன்ன எண்களை வைக்க என்பதே அக்கோப்பின் உள்ளடக்கம். துணியில் வைத்துத் தைக்கும் ஒட்டுப் போன்றது அது. மூல விளையாட்டின் படியை உடையவர் அதனோடு இவ்வொட்டை இணைத்து ஆடலாம். விரும்பாதவர் மூலத்தையே ஆடலாம். மூலமும் கெடுவதில்லை; ஒட்டியவரின் கைவண்ணமும் மறைவதில்லை. எது பழையவரது, எது புதியவரது என்பது ஐயமின்றி விளங்குகின்றது.

ஒட்டு நேர்மையானதாயினும், மூலத்தின் உரிமை ஆக்கியோரிடமே உள்ளது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்னும் வகையுள் அடக்குகின்றது. உரிமையாளர் எல்லோரும் ஒரே மனத்தினரல்லர். மெட்ராய்டு 2 என்னும் விளையாட்டை அன்பர் ஒருவர் பல்லாண்டு உழைத்துப் புதுக்கி 2016இல் வெளியிட்டபோது, நின்டெண்டோ நிறுவனம் அதன் வழங்கலைத் தடுத்தது. சோனிக் விளையாட்டுகளின் அன்பராய் அவற்றைப் புதுக்கிப் பழகிய ஆஸ்திரேலியரான கிறிஸ்டியன் வைட்ஹெட்டைச் சேகா நிறுவனமோ தன் பணிக்கே அழைத்துக்கொண்டது. அவர் முன்னின்று ஆக்கிய சோனிக் மேனியா 2017இல் அந்நிறுவனத்தின் பெயராலேயே வெளிவந்தது. தடுப்பதும் உரிமையாளர் கையில்; தழுவிக்கொள்வதும் அவர் கையில்.

ஆயினும், தடுப்பதோடு உரிமையாளர் கடன் முடிந்துவிடுவதில்லை. 2010ஆம் ஆண்டிற்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த வீடியோ விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. செல்லரித்த ஏட்டோடு நூல் அழிந்தது போலச் சில்லோடு விளையாட்டும் அழியக்கூடும். விற்பாரும் காப்பாரும் இல்லாத பழம்பொருளை மக்கள் நினைவில் நிறுத்துவோர் அதன் அன்பரே. ஒருவர் புதிதாய் ஓர் ஒட்டு வைக்குந்தோறும் மூலமும் மீண்டும் ஒருமுறை தேடி எடுத்து ஆடப்படுகின்றது.

மாணவர்களே! பழைய படைப்பைத் தொடவே கூடாது என்பது அறிவன்று. தொட்டவன் பெயரை மறைத்துக்கொள்வது அறமன்று. ஒரு பாட்டையோ கதையையோ விளையாட்டையோ நீங்கள் விரும்பி மாற்றலாம். மாற்றுமுன் அதனை முழுதும் கற்றுக்கொள்ளுங்கள். அதன் உரிமையாளரை மதியுங்கள். மாற்றியபின் இஃது என் ஒட்டு என்று வெளிப்படச் சொல்லுங்கள். அவ்வாறு செய்தால், உங்களுக்குப் பின் வருவோர் மூலத்தையும் பெறுவர். உங்கள் கைவண்ணத்தையும் பெறுவர்.