தகரப் பள்ளிவாசல்

சகோதரிகளே, அவுஸ்திரேலியா செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் அடிலெய்ட் நகரிலிருந்து சுமார் 500 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புரோக்கன் ஹில்லுக்கும் போய் வாருங்கள். சுரங்கங்களால் பெயர்பெற்ற அவ்வூரில், தகரத்தாலான சின்னஞ்சிறு பள்ளிவாசலொன்று இன்று நூதனசாலையாக இருக்கிறது.

1860இல் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் மெல்பேர்ணில் வந்திறங்கின. அதன்பின் ஆப்கானிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்களே, வறண்ட உள்நாட்டுக்குள் உணவும் தந்திக் கம்பியும் கொண்டு சேர்த்தார்கள். பெரும்பாலும் மனைவி மக்களைப் பிரிந்து வந்தவர்கள். கூடித் தொழ இப்பள்ளியைக் கட்டிக்கொண்டார்கள். மோட்டார் லொறிகள் பெருகியதும் அவர்களின் பிழைப்புப் போயிற்று. 1925இல் தென் அவுஸ்திரேலியா ஒட்டகங்களை அழிப்பதற்கென்றே சட்டமும் இயற்றியது.

நூதனசாலைகளில் முதலில் கண்ணில்படுவது வழி கண்டவர்களின் பெயர்கள்தாம். சுமை கொண்டு சென்றவர் யாரென்றும் கேட்க உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.