மூன்றாவது கூடை

2022ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை அது. வீட்டில் சுத்தபோசனம். மாலையில் சிலுவைப்பாதைக்குப் போகவேண்டும் என்ற நினைவோடு காலைக் காபியை முடித்துக்கொண்டிருந்தோம். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரான அந்த அம்மையார் வாசலில் வழக்கம்போல் விசில் ஊதினார். நாங்கள் வைத்திருந்த பையை எடுத்தார். வண்டியில் இடம் போதாததால் அதைக் கையால் அமுக்கினார். அடுத்த கணம் அவர் கையை உதறிய விதத்தைப் பார்த்து ஏதோ தேள் கொட்டிவிட்டது என்றே நினைத்தோம்.

வெளியே ஓடிப் பார்த்தபோது விரலைச் சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்திருந்தார். “அக்கா, கையைக் காட்டுங்க” என்றதற்கு, “ஒண்ணுமில்லம்மா, எப்பவும் நடக்குறதுதான்” என்றார். பை கிழிந்து கிடந்தது. அதற்குள் மடித்த காகிதம் ஒன்று. காகிதத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஊசி. பக்கத்தில் கழன்று விழுந்த ஆரஞ்சு நிற மூடி. காகிதம் முந்தைய ஞாயிறன்று திருப்பலி முடிந்து வெளியே வருகையில் வாங்கிய எங்கள் பங்கு மடல். அந்த வாரத்துத் தவக்காலச் சிந்தனை அச்சாகியிருந்த பக்கம்.

அது அம்மாவின் இன்சுலின் ஊசி. அம்மா எங்களோடு வந்து தங்கிய 2016ஆம் ஆண்டு முதல் காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்ததும் மூடியை மாட்டி, காகிதத்தில் சுற்றி, குப்பையில் போட்டுவிடுவோம். அப்படிச் செய்வதே மிகுந்த பொறுப்போடு செய்வதாக எங்களுக்குள் ஒரு நிறைவு இருந்தது.

விரலைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவ வைத்து, அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். வழியில் அவர் விரலை வாயில் வைத்து உறிஞ்சப் போனார், தடுத்தோம். அது செய்யக் கூடாதது என்று மட்டும் எங்கோ படித்த நினைவு. பிதுக்கவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது, சோப்பும் நீரும் போதும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். எச்.ஐ.வி. ஐயம் இருந்தால் தடுப்பு மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே தொடங்கவேண்டும். அதைவிடவும் தொற்றும் ஆற்றல் மிகுந்தது ஹெபடைடிஸ் பி; அதன் கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட, ஏழு நாள்களாவது உயிர்ப்போடு இருக்கும். இதற்குத் தடுப்பூசி உண்டு. அந்த அம்மையார் அதைப் போட்டிருக்கவில்லை.

“யார் வீட்டு ஊசி?” என்று மருத்துவர் கேட்டார். கேள்வி அவரை நோக்கியது. அவர் எங்களைப் பார்க்காமலேயே, “தெரியலைங்க. பல வீட்டுக் குப்பை” என்றார்.

தெரியாமலா? பங்கு மடலை அவரும்தான் பார்த்தார். எங்களைக் காட்டிக்கொடுக்கக் கூசினாரோ, நாளைக்கும் இதே தெருவுக்கு வரவேண்டுமே என்று அஞ்சினாரோ, இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை. சில விநாடிகள் நாங்களும் பேசாமல் நின்றோம் என்பதையும் இங்கே எழுதிவிடவேண்டும். பிறகுதான் “எங்கள் வீட்டு ஊசி” என்று சொன்னோம். அந்த ஒரு சொல் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. ஊசிக்குரியவர் யார் எனத் தெரியாவிட்டால் 28 நாள் மாத்திரை. தெரிந்தால் அவருடைய இரத்தத்தைப் பார்த்துவிடலாம். அன்று மாலை நாங்கள் சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போனோம். அம்மாவின் இரத்தத்தில் எந்தத் தொற்றும் இல்லை. அந்த அம்மையாருக்குத் தடுப்பூசியின் முதல் தவணை போடப்பட்டது. வண்டியில் வேறு வீடுகளின் கழிவும் கலந்திருந்ததால், ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மீண்டும் பரிசோதிக்கச் சொன்னார்கள்.

அன்றிரவு படுக்கப் போகுமுன் கணக்குப் போட்டோம். நாளுக்கு இரண்டு ஊசி; ஆண்டுக்கு 730; ஆறு ஆண்டுகளுக்கு 4,380. அவற்றுள் ஒன்று எங்கே போயிற்று என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும்.

மற்றவை எங்கே போயிருக்கும் என்று யோசித்தால் எங்கள் ஊரின் கதை முழுவதையும் சொல்லவேண்டியிருக்கும். சிட்லபாக்கம் பேரூராட்சியாக இருந்த காலத்தில் ஊர்க் குப்பை பல ஆண்டுகள் ஏரிக்கரையிலேயே கொட்டப்பட்டது. பல்லாவரத்துப் பெரிய ஏரிக்கும் இதே கதி. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் நீர் செம்பாக்கத்துக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். பிறகு ஒக்கியம் மடுவு வழியே கோவளத்துக் கழிமுகத்தைச் சேரும். கரையில் போட்டது கரையில் நிற்பதில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரி வறண்டபோது ஊர்மக்கள் தாமே மண்வெட்டியும் கையுமாக இறங்கிக் குப்பையை வாரியதையும், அதன்பின் அரசு நிதி ஒதுக்கி ஏரியைச் சீரமைத்ததையும் இப்பகுதியில் அனைவரும் அறிவர். அப்போது எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் ஒரு ஞாயிறு போய் நின்றோம். வெறுங்கையோடு குனிந்து பொறுக்கியவர்கள் எத்தனை பேர் என்று இப்போது எண்ணிப் பார்க்க அச்சமாக இருக்கிறது.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதற்குள் வந்தன. சிட்லபாக்கமும் அவற்றுள் ஒன்று. வண்டியின் நிறம் மாறியது. பையைத் தூக்கும் கை மாறவில்லை.

எங்கள் ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928இல் காசநோயாளருக்கென இங்கே நிலையம் அமைத்தபோது, நோயாளியின் நுரையீரலுக்கு நல்ல காற்றே மருந்து என்று கருதப்பட்டது. நல்ல காற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரில்தான் இன்று சருகோடு பால் உறையையும் ரப்பர்ச் செருப்பையும் சேர்த்துத் தெருமுனையில் கொளுத்துகிறோம். 2018ஆம் ஆண்டுப் போகியன்று புகையும் பனியும் கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. அந்த அம்மையாரின் இரண்டாவது பரிசோதனை நெருங்கிய வேளையில், 2022 ஏப்ரல் 27 அன்று, பெருங்குடிக் குப்பைமேட்டில் தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. அது சென்னை மாநகராட்சியின் குப்பை, எங்களுடையது அன்று என்று சொல்லிக்கொள்ளலாம்தான். அதே ஆண்டில்தான் அந்த மேட்டை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உலகச் சிறப்புடைய ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

குப்பையைக் குறைப்பதில் எங்களுக்கு முன்னோடிகள் பக்கத்திலேயே இருந்தார்கள். 1989இல் எம். பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கினார். 1994இல் பம்மல் சங்கரா நகரில் சில பெண்கள் மன்றமாகக் கூடித் தெருக் குப்பையைத் தாமே திரட்டி, பிரித்து, மண்புழு உரமாக்கத் தொடங்கினார்கள். சமையலறைக் கழிவைப் பொறுத்தவரை வழி அன்றே தெளிந்துவிட்டது. நாங்களும் மொட்டைமாடியில் துளையிட்ட இரண்டு மண்தொட்டிகளில் காய்கறித் தோலும் தென்னைநார்த் தூளும் அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது புளித்த மோரைத் தெளித்து உரம் செய்கிறோம். முதல் தொட்டியில் புழு நெளிந்து அக்கம்பக்கத்தாரிடம் ஏச்சு வாங்கினோம். ஈரம் மிகுந்துவிட்டது, அவ்வளவே. காகிதம், புட்டி, தகரம் ஆகியவற்றுக்குப் பழைய பேப்பர்க்காரர் இருக்கிறார். பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே அந்தக் கூடைக்கு நம்மிடம் ஒழுங்கு உண்டு.

வழி தெரியாமல் நிற்பது மூன்றாவது கூடை. அம்மா எங்களிடம் வந்த அதே 2016இல் நடுவண் அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், மட்குவது, மட்காதது என்பனவற்றோடு வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாவதாக ஒன்றைப் பெயரிட்டுச் சொல்லின. பயன்படுத்திய ஊசி, உடைந்த பாதரச வெப்பமானி, குழல்விளக்கு, மின்கலம், காலாவதியான மருந்து, பூச்சிமருந்துக் குப்பி, வர்ணத் தகரம் எல்லாம் அதில் அடங்கும். ஆறு ஆண்டுகள் கழித்து, ஒருவரின் விரலில் இரத்தம் வந்தபிறகுதான் நாங்கள் அதைப் படித்தோம்.

படித்தபின் வீட்டைத் துழாவினோம். ஆன்மச் சோதனைக்கு ஒரு மணி நேரம் போதும். அலமாரிச் சோதனைக்கு இரண்டு நாள்கள் ஆயின. 2011இல் காலாவதியான இருமல் மருந்து. பரண்மேல் உறைந்துபோன வர்ணத் தகரங்கள் மூன்று. ரிமோட்டிலிருந்து கழற்றிய மின்கலங்கள், “பிறகு பார்க்கலாம்” என்று ஒரு பிஸ்கட் டப்பா நிறைய. கழிப்பறை கழுவும் அமிலம், தண்ணீர்ப் புட்டியிலே ஊற்றி, பெயர்கூட எழுதாமல். குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்த்த பழைய பாதரச வெப்பமானி.

அந்த வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் இருக்கும் பாதரசம் ஒரு கிராமுக்கு உட்பட்டது. ஒரு குழல்விளக்கில் இருப்பது சில மில்லிகிராம்தான். ஆனால் நீரில் கலந்த பாதரசம் சேற்று நுண்ணுயிர்களால் மேலும் கொடிய வடிவம் பெற்று மீனுக்குள் ஏறும், மீனிலிருந்து மனிதனுக்கு. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் உலகம் கண்ட துயரம் அது. நம் மாநிலத்திலேயே, கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் உடைந்த பாதரசக் கண்ணாடி டன் கணக்கில் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடந்தது 2001இல் வெளிப்பட்டது. தொழிற்சாலை அவ்வாண்டே மூடப்பட்டது. அங்கு உழைத்தவர்களுக்கு இழப்பீட்டு உடன்பாடு வர 2016 ஆயிற்று. தொழிற்சாலை செய்ததும் பழைய பொருள்காரரிடம் போட்டதுதான். நாங்கள் செய்யவிருந்ததும் அதுவே. அளவில்தான் வேறுபாடு.

இப்போது வெப்பமானி எண்முறையில் காட்டுவது, விளக்குகள் எல்.ஈ.டி. மீதமிருந்த ஒரு குழல்விளக்கு கைதவறி உடைந்தபோது சன்னல்களைத் திறந்து வைத்து, அனைவரும் கால்மணி நேரம் வெளியே நின்று, பிறகு அட்டையால் தள்ளி, துகள்களை ஒட்டுநாடாவால் ஒற்றி, மூடியுள்ள புட்டியில் அடைத்தோம்; துடைப்பத்தைத் தொடவில்லை. மருந்துக் கடையில் பத்து மாத்திரைக்குச் சீட்டு இருந்தால் பத்தே வாங்குகிறோம். “அட்டையாவே எடுத்துக்கோங்க சார்” என்பதற்கு இணங்குவதில்லை. அமிலம் அறவே இல்லை. ஊசிகளுக்குத் தடித்த பிளாஸ்டிக் சலவைத்திரவப் புட்டி ஒன்று. முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை இறுக்கி, நாடா ஒட்டி, “ஊசிகள்” என்று பெரிதாக எழுதிவிடுவது.

எழுதியபின் அதை யாரிடம் கொடுப்பது? கேட்ட இடங்களில் ஒன்றில் அடுத்த இடத்தைக் காட்டினார்கள். அடுத்த இடத்தில் சிரித்தார்கள். கடைசியில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு மருத்துவர் தம் சிறு மருத்துவமனையின் கழிவு வண்டியோடு சேர்த்து அனுப்புவதாக ஏற்றுக்கொண்டார்.

இதையெல்லாம் அன்பியக் கூட்டத்தில் சொன்னோம். ஊசி குத்தியதைச் சொல்லவே நா எழவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ திருமடலில், குப்பையைப் பிரித்து வைப்பதும் அன்றாடச் சிறு கடமைகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று தொடங்கினோம். பெரியவர் ஒருவர், “இதெல்லாம் மாநகராட்சி வேலை, அன்பியத்தில் ஏன்?” என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. வாங்குவதற்கு ஒரு நிலையான இடம் இல்லாமல் பிரிப்பதில் என்ன பயன்? பிறகு ஒருவர் மெல்ல, “எங்க வீட்டிலயும் ஊசி இருக்கு” என்றார். இன்னொருவர், இன்னொருவர். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் சர்க்கரை நோயாளி. அனைவரும் காகிதத்தில்தான் சுற்றியிருக்கிறார்கள்.

குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை நாம் குப்பையில் போடுவதில்லை. ஓர் ஆண்டு சுவரில் வைத்திருந்து, திருநீற்றுப் புதனுக்குக் கோவிலில் கொடுக்கிறோம். அப்பம் பலுகிய இடத்திலும் ஆண்டவர் மீதியைச் சேகரிக்கச் சொன்னார், பன்னிரண்டு கூடைகள். இவ்விரண்டையும் சிறுவயது முதல் அறிந்தவர்கள் நாங்கள். பங்கு மடலில் ஊசியைச் சுற்றியபோது இரண்டும் நினைவுக்கு வரவில்லை.

ஜூனில் மூன்றாவது மாதப் பரிசோதனை. முடிவு வரும்வரை அந்த அம்மையார் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம், கணவரிடம்கூட. “சொன்னா கைக்குழந்தையத் தூக்க விடமாட்டாங்க” என்றார். பேரனுக்கு அப்போது நான்கு மாதம். தொற்று இல்லை என்ற தாளை எங்களிடம் நீட்டிப் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை படித்துக் காட்டினோம். செப்டம்பரில் தடுப்பூசியின் மூன்றாம் தவணையும் முடிந்தது.

அம்மா 2023இல் இறைவனடி சேர்ந்தார். பாதி நிரம்பிய அந்தக் கடைசிப் புட்டியையும் மருத்துவரிடம் சேர்த்தோம். இப்போது எங்கள் வீட்டுக் குப்பையில் ஊசி இல்லை. அந்த அம்மையாருக்கும் அது தெரியும். ஆயினும் இன்றும் வாசலில் பையை எடுக்குமுன் அவர் அதைப் புறங்கையால் மெதுவாகத் தட்டிப் பார்க்கிறார், தெருவில் மற்ற வீட்டுப் பைகளைத் தட்டிப் பார்ப்பது போலவே.